தாதியர் வாரியத் தேர்வுக்கு அவசர நிலைகளைத் திருப்பிப் படிக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ தாதிமைப் படிப்பை முடித்துவிட்டு, வாரியத் தேர்வுக்கு உட்காரப்போகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ்ப் பெயரைப் பதிந்துகொள்ள மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேற வேண்டும். கேள்விகளின் எண்ணிக்கை, நேரம், தேதி ஆகியவற்றை வாரியத்தின் ஆக அண்மைய அறிவிப்பில் மட்டும் பாருங்கள். சீனியர்கள் சொல்லும் பழைய கணக்கை நம்ப வேண்டாம்.

அவசர நிலைக் கேள்விகளில் மதிப்பெண் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். நோயைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும். ஆனால் கேள்வி கேட்பது “தாதி முதலில் என்ன செய்ய வேண்டும்” என்று. நான்கு விடைகளும் சரியான செயல்களாகவே இருக்கும். அவற்றில் எது முதலாவது நிமிடத்துக்குரியது, எது பத்தாவது நிமிடத்துக்குரியது என்று பிரிக்கத் தெரிந்தவர் தேறுவார். அதனால் ஒவ்வொரு நிலையையும் முதல் பத்து நிமிடங்களின் வரிசையாகப் படிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: அலகுகளைச் சரிசெய்யுங்கள்

இங்கே கையில் கிடைக்கும் கேள்வித் தொகுப்புகளில் பல அமெரிக்கத் தேர்வுக்காக எழுதப்பட்டவை. பயிற்சிக்கு நல்லவைதான், ஆனால் அப்படியே மனப்பாடம் செய்தால் வம்பு. அங்கே சர்க்கரை 70 என்றால் நம் வார்டில் அது 3.9 மில்லிமோல், 18ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். கிரியேட்டினின் அங்கே 1 என்றால் இங்கே ஏறத்தாழ 88 மைக்ரோமோல். பொட்டாசியம், சோடியம் இரண்டுக்கும் எண் மாறாது. அங்கே எப்பிநெஃப்ரின் என்பது நமக்கு அட்ரினலின், அல்பியூட்டரால் என்பது சால்பியூட்டமால், அசிட்டமினோஃபென் என்பது பாராசிட்டமால். இவற்றை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அதே தாளில் சில வரம்பு எண்களும் இருக்கட்டும். பொட்டாசியம் 3.5 முதல் 5.0. தமனி இரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45. பெரியவர்களுக்குச் சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு 0.5 மி.லி.க்குக் குறையக்கூடாது. சராசரித் தமனி அழுத்தம் 65க்குக் கீழே இறங்கக்கூடாது. நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவு 8 அல்லது அதற்குக் கீழே போனால் மூச்சுப்பாதையைக் காக்கக் குழாய் தேவைப்படலாம். நுண்குழாய் நிரம்பும் நேரம், அதாவது சி.ஆர்.டி. (விரலை அழுத்தி விட்டதும் நிறம் திரும்பும் நேரம்), 2 விநாடிக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பக்கம், நான்கு கேள்விகள்

பக்கத்தின் மேலே நோயின் பெயர். அதன் கீழே: எதைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும்? என் கை முதலில் செய்வது என்ன? எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியில்? எதைச் செய்யவே கூடாது? நான்காவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தவறான விடைகளைத் தேர்வு வைப்பவர் அங்கிருந்துதான் எடுக்கிறார். நோய்க்கூற்றியல் விளக்கம் இந்தப் பக்கத்தில் வேண்டாம். “ஏன்” என்று ஒரு வரி போதும்.

எந்த நிலையானாலும் ஏ, பி, சி, டி, இ வரிசை மாறாது: மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவு நிலை, உடலைத் திறந்து பார்த்தல். விடைகளில் ஒன்று மூச்சுப்பாதையையும் இன்னொன்று இரத்த அழுத்தத்தையும் தொட்டால், மூச்சுப்பாதைதான் முன்னே நிற்கும். ஒரு விதிவிலக்கு உண்டு: ஆள் உணர்வின்றி, மூச்சும் நாடியும் இல்லாமல் கிடந்தால் நெஞ்சு அழுத்தம்தான் முதல்.

மூன்றாம் படி: இதய நிறுத்தமும் அனாஃபிலாக்ஸிஸும்

இதய நிறுத்தத்தையும் அனாஃபிலாக்ஸிஸையும் (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை) ஒன்றாகப் படிப்பதற்குக் காரணம் அட்ரினலின். ஒரே மருந்து, இரண்டு அளவு, இரண்டு வழி. தேர்விலும் வார்டிலும் அதிகம் குழம்பும் இடம் இது.

இதய நிறுத்தத்தில் நாடி பார்க்க 10 விநாடிக்கு மேல் எடுக்கக்கூடாது. அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலே வர விட வேண்டும். பெரியவருக்கு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. குழந்தைக்கு மீட்பவர் இருவர் இருந்தால் 15க்கு 2. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவர் மாற வேண்டும். கை தளர்ந்தால் ஆழம் குறைந்துவிடும், அழுத்துபவருக்கே அது தெரியாது. வி.எஃப். (இதயக் கீழறை வெறுமனே நடுங்குவது), நாடியில்லாத வி.டி. (கீழறை மிக வேகமாகத் துடிப்பது) இரண்டுக்கும் ஷாக், அதாவது மின்னதிர்ச்சி, உண்டு. ஏசிஸ்டோலுக்கும் (இதயத்தில் மின்செயலே இல்லை) பி.இ.ஏ.வுக்கும் (மின்செயல் உண்டு, நாடி இல்லை) ஷாக் இல்லை. “மானிட்டரில் தட்டைக் கோடு, டிஃபிப்ரிலேட்டரைத் தயார் செய்” என்று ஒரு விடை வந்தால் அதை அடித்துவிடுங்கள். அட்ரினலின் 1 மி.கி. நாளத்தின் வழியே, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, பின்னால் 20 மி.லி. சேலைன் தள்ள வேண்டும். ஷாக்குக்கு அடங்காத வி.எஃப்.புக்கு அமியோடரோன் முதலில் 300 மி.கி., அடுத்தது 150.

அனாஃபிலாக்ஸிஸில் அதே அட்ரினலின் பெரியவருக்கு 0.5 மி.கி.: 1:1000 ஆம்பியூலில் அரை மி.லி. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத் தசையில் போட வேண்டும். தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும். 6 முதல் 12 வயதுக்கு 0.3 மி.கி., அதற்கும் சிறியவர்களுக்கு 0.15 மி.கி. இந்த அளவைத் தசைக்குப் பதிலாக நாளத்தில் வேகமாகத் தள்ளினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு மாதிரிக் கேள்வி: இறால் போட்ட மீ கோரெங் சாப்பிட்ட 24 வயதுப் பெண், உதடு வீங்கி, குரல் கம்மி, இரத்த அழுத்தம் 78/40. விடைகள்: குளோர்ஃபெனிரமின் ஊசி, ஹைட்ரோகார்ட்டிசோன், சால்பியூட்டமால் நெபுலைசர், அட்ரினலின். முதல் மூன்றும் பிறகு வரலாம். தொண்டை வீக்கத்தையும் அழுத்த வீழ்ச்சியையும் ஒருசேரத் திருப்புவது அட்ரினலின் ஒன்றே. அதைப் போட்டுக்கொண்டே ஆளைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள்; மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். திடீரென எழுந்து நிற்கவோ கழிப்பறைக்கு நடக்கவோ விடக்கூடாது. எழுந்த நொடியில் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, இதயம் அங்கேயே நின்றுபோகலாம். தேறிய பிறகும் சில மணி நேரம் கண்காணிப்பு தேவை. இரண்டாம் அலை வரக்கூடும்.

நான்காம் படி: நெஞ்சுவலியும் பக்கவாதமும்

இரண்டிலும் கடிகாரம்தான் முக்கியம். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்க வேண்டும். அப்படியே விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். ஆக்சிஜன் எல்லாருக்கும் கிடையாது, செறிவு 90க்குக் கீழே போனால்தான் என்று பல வழிகாட்டிகள் சொல்கின்றன. இரத்தக் குழாயை விரிக்கும் ஜி.டி.என். (கிளிசரைல் டிரைநைட்ரேட்) கொடுக்குமுன் மூன்று கேள்விகள்: மேல் அழுத்தம் 90க்குக் கீழேயா? கடந்த ஒருநாளில் சில்டெனாஃபில் (வயாகரா) எடுத்தாரா? இதயத்தின் வலது கீழறை பாதிக்கப்பட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் கொடுக்கக்கூடாது. இரண்டாவது கேள்வியை மனைவி மக்கள் எதிரில் கேட்டால் நோயாளி இல்லை என்றுதான் சொல்வார். திரையை இழுத்துவிட்டுக் கேளுங்கள்.

நீரிழிவுள்ள பாட்டிக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சுவலியே இல்லாமல் இருக்கலாம். “வாயு பிடிச்ச மாதிரி இருக்கு, அசதியா இருக்கு, வேர்க்குது” என்று மட்டும் சொல்வார். கேள்வியில் முதிய பெண், நீரிழிவு, வியர்வை மூன்றும் சேர்ந்து வந்தால் இ.சி.ஜி.யைத் தேடுங்கள்.

பக்கவாதத்தில் கேட்க வேண்டியது, “கடைசியாக எப்போது நல்லா இருந்தாரு?” என்று. தூங்கி எழும்போது கை கால் விழுந்திருந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு. நாளத்தின் வழியே இரத்தக்கட்டி கரைக்கும் மருந்துக்கு வழக்கமான எல்லை 4.5 மணி நேரம். முதலில் டி.எக்ஸ்.டி. (விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரைச் சோதனை) பாருங்கள், ஏனெனில் சர்க்கரை இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியும். சி.டி. ஸ்கேன் பார்த்து இரத்தக் கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின் கிடையாது. விழுங்கும் சோதனை முடியும்வரை வாயில் ஒரு மடக்குத் தண்ணீரும் கிடையாது. இரத்த அழுத்தம் 180ஆக இருந்தால் உடனே இறக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் மூளைக்கு இரத்தம் போக அந்த அழுத்தம் தேவை. கரைக்கும் மருந்து கொடுப்பதானால் 185/110க்குக் கீழே வர வேண்டும்.

ஐந்தாம் படி: சர்க்கரையும் பொட்டாசியமும்

சர்க்கரை 4.0க்குக் கீழே, நினைவு இருக்கிறது என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடியும் டி.எக்ஸ்.டி. நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் வேண்டாம்: 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லி. நல்ல பெரிய நாளத்தில், அல்லது பிரானுலா (நாளத்தில் செருகும் ஊசிக்குழாய்) போட முடியாவிட்டால் குளூக்ககான் 1 மி.கி. தசையில். டெக்ஸ்ட்ரோஸ் நாளத்துக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்து அழுகும். தள்ளும்போது கண் அந்த இடத்திலேயே இருக்கட்டும். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் திரும்ப இறங்கும், அதனால் உடனே வீட்டுக்கு அனுப்பும் விடை தவறு.

டி.கே.ஏ.வில் (நீரிழிவால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் நிலை) ஆழ்ந்த வேகமான மூச்சு, பழவாடை, வாந்தி, வயிற்றுவலி. முதலில் இன்சுலின் என்று கை போகும். முதலில் நீர்: 0.9 சதவீத சேலைன், வழக்கமாக முதல் மணி நேரத்தில் ஒரு லிட்டர். பிறகுதான் இன்சுலின், கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட். அதற்கு முன் பொட்டாசியத்தைப் பார்த்தாக வேண்டும். இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுவுக்குள் தள்ளும், ஏற்கெனவே 3.3க்குக் கீழே இருப்பவருக்கு இன்சுலின் போட்டால் இதயத் துடிப்பு தடம் மாறும். சர்க்கரை 14க்கு இறங்கினால் இன்சுலினை நிறுத்தாமல் டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் சேர்க்க வேண்டும், ஏனெனில் சரியாக வேண்டியது சர்க்கரை எண் மட்டும் இல்லை, கீட்டோனும்தான்.

பொட்டாசியம் மிகுந்தால் இ.சி.ஜி.யில் கூர்மையான உயரமான டி அலை. நம் வார்டுகளில் லைட்டிக் காக்டெய்ல் என்று சொல்லும் கலவையைப் பகுதி பகுதியாகப் புரிந்துகொள்ளுங்கள். 10 சதவீத கால்சியம் குளூக்கோனேட் 10 மி.லி. மெதுவாகப் போகிறது, அது இதயத்தைக் காக்கிறது. பொட்டாசியத்தை அது குறைப்பதில்லை. 10 யூனிட் ஆக்ட்ராபிட் இன்சுலினும் 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லி.யும்தான் பொட்டாசியத்தை உள்ளே தள்ளுகின்றன. பிறகு பல மணி நேரம் டி.எக்ஸ்.டி. பார்க்க வேண்டும். இ.சி.ஜி. மாறியிருக்கும்போது முதல் மருந்து எது என்றால் கால்சியம். எதிர்த்திசையில், பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நாளத்தில் நேராகத் தள்ளக்கூடாது.

ஆறாம் படி: டெங்கிக்குத் தனியாக ஒரு நாள்

அமெரிக்கக் கேள்வித் தொகுப்புகளில் டெங்கி பெரும்பாலும் இருக்காது என்பதால் மாணவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். செந்தூலிலோ ஆயர் ஈத்தாமிலோ வேலைக்குப் போனால் முதல் வாரத்திலேயே பார்க்கப்போகும் நோய் இது.

ஆபத்து காய்ச்சல் விடும்போது வருகிறது. நோயின் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும், “இப்ப பரவாயில்ல மிஸ்ஸி” என்று நோயாளி சொல்வார், அந்த நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தநீர் கசியத் தொடங்கும். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம். எச்சரிக்கை அறிகுறிகள்: வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், சோர்வோ அமைதியின்மையோ, கல்லீரல் வீக்கம், நெஞ்சிலோ வயிற்றிலோ நீர், ஹிமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும்போதே தட்டணுக்கள் வேகமாக இறங்குவது.

ஒரு கேள்வியைக் கூர்ந்து பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள இளைஞர், ஐந்தாம் நாள், வெப்பம் 37.1, நாடி 118, இரத்த அழுத்தம் 100/84, கைகள் சில்லிட்டிருக்கின்றன. மேல் எண் 100ஐப் பார்த்து “நிலையாக இருக்கிறார், அடுத்த சுற்றில் பார்க்கலாம்” என்பது பொறி. 100லிருந்து 84ஐக் கழித்தால் 16. நாடி அழுத்தம் 20க்குக் கீழே குறுகிவிட்டால் அவர் அதிர்ச்சி நிலையில் இருக்கிறார். குழாய்கள் இறுகி மேல் எண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். முதல் செயல்: மருத்துவரை உடனே அழைத்து, பெரிய பிரானுலா போட்டு, ஹிமட்டோகிரிட்டுக்கு இரத்தம் எடுத்து, உத்தரவுப்படி சமச்செறிவுக் கரைசல். இந்த நிலையில் முதல் மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி., அதாவது இவருக்கு 300 முதல் 600 மி.லி. பிறகு சி.ஆர்.டி., நாடி, சிறுநீர், ஹிமட்டோகிரிட் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

செய்யக்கூடாதவை: தசை ஊசி, ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்குளோஃபினாக். தட்டணு எண் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும், இரத்தக் கசிவு இல்லாதபோது, தட்டணு ஏற்றுவதில்லை. தேறும் கட்டத்தில் டிரிப்பைக் குறைக்காமல் விட்டாலும் ஆபத்து. கசிந்த நீர் திரும்ப உள்ளே வரும்போது நுரையீரல் நிரம்பிவிடும். ஹிமட்டோகிரிட் இறங்குவதற்கு இரண்டு பொருள் உண்டு. நோயாளி தெளிவாக, கை சூடாக இருந்தால் தேறுகிறார். நாடி ஏறி, வெளிறிப்போனால் உள்ளே இரத்தம் கசிகிறது.

ஏழாம் படி: பிரசவ அவசரங்கள்

பிரசவத்துக்குப் பின் 500 மி.லி.க்கு மேல், அறுவையில் 1000 மி.லி.க்கு மேல் இரத்தம் போனால் அது மிகை இரத்தப்போக்கு. காரணங்களில் முதலிடம் கருப்பை தளர்ந்துபோவது. அதனால் முதலில் உதவிக்குக் குரல் கொடுத்தபடியே கருப்பையின் மேற்பகுதியைத் தேய்த்துவிடுங்கள், சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். நிரம்பிய பை கருப்பையைச் சுருங்க விடாது. கருப்பை கல்லாக இறுகியும் இரத்தம் நிற்கவில்லையென்றால் கிழிசலைத் தேடுங்கள். கருப்பையைச் சுருக்கும் மருந்துகளில் சின்டோமெட்ரின் உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஆகாது. கார்போப்ரோஸ்ட் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. இந்த இரண்டும் கேள்வியாக வரக்கூடியவை. டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள்.

எக்லாம்ப்சியாவுக்கு (கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தோடு வரும் வலிப்பு) மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் மெதுவாக, பிறகு மணிக்கு 1 கிராம். நஞ்சாகும்போது முதலில் முழங்கால் அனிச்சை மறையும், பிறகு மூச்சு குறையும், கடைசியில் இதயம் நிற்கும். மூச்சு 10, அனிச்சை இல்லை, சிறுநீர் மணிக்கு 15 மி.லி. என்று கேள்வி வந்தால், முதல் செயல் டிரிப்பை நிறுத்துவது. கால்சியம் குளூக்கோனேட் அதற்கடுத்தது. தொப்புள்கொடி முன்னே இறங்கிவிட்டால், கையுறையிட்ட விரல்களால் குழந்தையின் தலையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, தாயை முழங்கால்-மார்பு நிலைக்குத் திருப்புங்கள். கொடியை உள்ளே திணிக்கக்கூடாது.

எட்டாம் படி: சுருக்கமாகப் பார்க்க வேண்டியவை

ஆஸ்துமாவில் இழுப்புச் சத்தம் நின்றுபோவது நல்ல செய்தியில்லை. காற்றே போகவில்லை என்று பொருள். களைத்துப்போனவரின் கார்பன் டை ஆக்சைடு “சாதாரணமாக” இருந்தாலும் அவ்வாறே. செப்சிஸில் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) இரத்தக் கல்ச்சர் முதலில், ஆன்டிபயாட்டிக் பிறகு, ஆனால் கல்ச்சருக்காக ஆன்டிபயாட்டிக்கைத் தாமதிக்கக்கூடாது. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் ஸ்டேட்டஸ், அதாவது தானாக நிற்காத வலிப்பு. வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுப்பது எந்தப் பயனும் தராது. இரத்தம் ஏற்றும்போது குளிர்நடுக்கமோ இடுப்புவலியோ வந்தால் முதலில் ஏற்றுவதை நிறுத்துங்கள், குழாயை மாற்றிச் சேலைனைத் திறந்துவையுங்கள், பையை எறியாமல் இரத்த வங்கிக்கு அனுப்புங்கள்.

தீக்காயத்தில் கணக்கு வரும். எடை 60 கிலோ, உடலில் 30 சதவீதம் தீக்காயம் என்றால் முதல் 24 மணி நேரத்துக்கான நீர்: 4 மி.லி. பெருக்கல் 60 பெருக்கல் 30, மொத்தம் 7200 மி.லி. பாதி, அதாவது 3600, முதல் 8 மணி நேரத்துக்கு. அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தவருக்கு மீதமுள்ள 6 மணி நேரத்தில் 3600ஐக் கொடுக்க வேண்டும், மணிக்கு 600. 450 என்று ஒரு விடை கட்டாயம் இருக்கும்.

ஒன்பதாம் படி: யாரை முதலில் பார்ப்பது

நான்கு நோயாளிகள். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர், ஆக்சிஜன் செறிவு 89. டெங்கி நான்காம் நாள், ஹிமட்டோகிரிட் 38லிருந்து 46, இருமுறை வாந்தி. குடல்வால் அறுவை முடிந்து மறுநாள், வலி 6. நீரிழிவு, டி.எக்ஸ்.டி. 5.2. பலர் 89ஐப் பார்த்து முதலாமவரிடம் ஓடுவார்கள். சி.ஓ.பி.டி.க்கு இலக்கு 88 முதல் 92, அவர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார். டெங்கி நோயாளியிடம்தான் போக வேண்டும். எதிர்பார்த்த மாற்றத்தைவிட எதிர்பாராத மாற்றம், பழைய நோயைவிடப் புதிதாகத் திரும்பும் நிலை, நிலையான எண்ணைவிட நகரும் எண்: இந்த மூன்றை வைத்தே பெரும்பாலான முன்னுரிமைக் கேள்விகளை அவிழ்த்துவிடலாம்.

பத்தாம் படி: பயிற்சியும் பிழைத்திருத்தமும்

நான்கைந்து பேராகச் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் நோயாளியின் நிலையைச் சொல்ல, மற்றவர் முதல் பத்து நிமிடத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புரிவதற்குத் தமிழில் பேசிக்கொள்ளுங்கள், விடையை மட்டும் தேர்வு மொழியில் சொல்லிப் பழகுங்கள். இரண்டுக்கும் நடுவில் தடுமாறாமல் போக இதுவே வழி.

தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். தெரியாததால் தவறியதா, வரிசை மாறியதா, கேள்வியில் “முதலில்”, “தவிர” போன்ற சொல்லைக் கவனிக்கவில்லையா. தெரியாமைக்கு அந்த நிலையின் பக்கத்தைத் திரும்பப் படித்தால் போதும். வரிசை மாறியவற்றுக்கு ஏன் அது முந்த வேண்டும் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுத வேண்டும். சொல்லைக் கவனிக்காத பிழைகள்தான் அதிகம் என்றால் இன்னும் படிப்பதால் பயனில்லை. கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசித்து, அந்தச் சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, பிறகு மேலே போகும் பழக்கத்தை அடுத்த 50 கேள்விகளுக்குக் கட்டாயமாக்குங்கள்.